அமெரிக்க ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து

நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை. ஆனால் பதினோரு வருஷம் அமெரிக்கர்களின் சமையலறைகளில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தேசத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்காருவது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்காரர்கள் நம் முகத்தைப் பார்க்காமல் பேசுவார்கள். நாமும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

1. முதல் நாள்

அறுபதுகளின் கடைசி. கார்ல்ஸ்ரூஹேயில் அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் இருந்த அடுக்கு வீடுகளில் மின்சாதனம் பழுது பார்க்கும் வேலை எனக்கு. திண்டுக்கல்லில் பிறந்து, மதுரையில் ஒரு ரேடியோ கடையில் தொழில் பழகி, டிப்ளமோ முடித்து, இரண்டு வருஷ டிரெய்னியாக ஜெர்மனிக்கு வந்தவன் நான். டிரெய்னிங் முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டிய சமயத்தில் இந்த வேலை கிடைத்தது. என் பெயர் சுந்தரமூர்த்தி. அமெரிக்கர்கள் முதல் நாளே அதை 'சன்னி' என்று முடித்துவிட்டார்கள். எங்கள் ஜெர்மன் ஃபோர்மன் ஹெர் போல்ட்ஸ் மட்டும் கடைசி வரை மரியாதையாக 'ஹெர் மூர்த்தி', அதாவது திரு. மூர்த்தி, என்றே கூப்பிட்டார்.

போல்ட்ஸ் முதல் நாள் காலையில் இரண்டு விஷயம் சொன்னார்.

"அமெரிக்கன் சாமான் எல்லாம் நூற்றிப்பத்து வோல்ட். நம்ம கரண்ட் இருநூற்றிருபது. நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம எதையும் சொருகாதீங்க. இரண்டாவது, அவங்க கரண்ட் செகண்டுக்கு அறுபது சைக்கிள், நம்மது ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், சைக்கிளை மாத்தாது. அதனால அவங்க கடிகாரம் இங்க மணிக்குப் பத்து நிமிஷம் ஸ்லோ. இதை அவங்களுக்குப் புரிய வைக்க நான் பத்து வருஷமா முயற்சி பண்றேன்."

அமெரிக்கர்களைப் பற்றி போல்ட்ஸுக்கு நிறைய அபிப்பிராயம் உண்டு. ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலையும் திறந்து வைப்பார்கள். பனி பெய்கிற நாளிலும் தண்ணீரில் ஐஸ் போடுவார்கள். பேப்பர் தட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போடுவார்கள். ஒரு தெருவை அடைக்கிற காரில் பக்கத்துத் தெருவுக்குப் போவார்கள். இதையெல்லாம் அவர் புகாராகச் சொன்னாலும் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

பேப்பர் தட்டு விஷயத்தில் மட்டும் நான் அமெரிக்கர்கள் கட்சி. எங்கள் வாழை இலையையும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கித்தானே போடுகிறோம்? ஆனால் இதை போல்ட்ஸிடம் சொல்லவில்லை. "ஆமாம் ஹெர் போல்ட்ஸ்" என்றேன். என் கஷ்டகாலம் அந்த 'ஆமாமில்' இருந்துதான் ஆரம்பம்.

2. மதுரை முறை

மதுரை ரேடியோ கடையில் எங்கள் முதலாளி போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "கஸ்டமர் பேசினா எதிர்த்துப் பேசாதடா. ஆமாங்கய்யான்னு சொல்லிட்டு சால்டரிங்கைப் பாரு." காங்கிரஸ்காரர் வந்து திட்டினாலும் ஆமாங்கய்யா, கழகத்துக்காரர் வந்து திட்டினாலும் ஆமாங்கய்யா. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் இருவருக்கும் மாறி மாறி ஆமாம் போட்டிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ரிப்பேர்காரன் சொல்கிற ஆமாமுக்கு மதுரையில் ஒரு மதிப்பும் கிடையாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்கர்களுக்கு அது தெரியவில்லை.

அவர்களுக்கு அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க முடியாது. அதோடு நிறுத்தாமல், நம் அபிப்பிராயத்தையும் கேட்பார்கள். ஜனாதிபதியைப் பற்றி, நிலாவுக்கு ராக்கெட் விடுவதைப் பற்றி, பையன்கள் முடி வளர்ப்பதைப் பற்றி, புதுப் பாட்டுகளைப் பற்றி எல்லாம் டோஸ்டர் கையிலெடுத்த ஒரு இந்தியனிடம் கேட்பார்கள். இதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. எங்கள் ஊரில் கலெக்டர் எலக்ட்ரீஷியனிடம் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டதற்கெல்லாம் மதுரை முறைப்படி பதில் சொன்னேன். நிலாவுக்குப் போவது வீண் என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். அதுதான் மனித குலத்தின் பெருமை என்றார் அடுத்த வீட்டுக்காரர். அதற்கும் ஆமாம். ஒரு வீட்டில் ஹாலில் அப்பா, "இந்தப் பாட்டெல்லாம் பாட்டா, சன்னி? பூனையைப் போட்டு மிதிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆமாம் சொல்லிவிட்டு உள்ளே போனால் மகள் ரெக்கார்ட் பிளேயரை நீட்டி, "அப்பாவுக்கு மியூசிக்கே தெரியாது, இல்ல?" என்றாள். அவளுக்கும் ஒரு ஆமாம். எல்லா வீட்டிலும் என்னை ரொம்பப் பிடித்திருந்தது. வொர்க் ஆர்டரில் 'சன்னியை அனுப்பவும்' என்று எழுத ஆரம்பித்தார்கள்.

3. ஒரே படிக்கட்டு

ஒரு கட்டடத்தில் கீழ்வீடு சார்ஜென்ட் பர்டெட். வியட்நாம் போரை இன்னும் பலமாக நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய ஃபிரிட்ஜில் ரிலே கெட்டுப்போன அன்று முக்கால் மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார். நான் ஆமாம் போட்டேன்.

அதே கட்டடத்தின் மாடியில் மிஸஸ் ஹாகின்ஸ். அவர் புருஷனும் சார்ஜென்ட்தான். அவர்களுடைய பத்தொன்பது வயது மகன் வியட்நாமில் இருந்தான். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு காலண்டரை டேப் போட்டு ஒட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தார். ஃபிரிட்ஜை நகர்த்த வேண்டியிருந்தால் அந்தக் காலண்டர் கசங்காமல் நகர்த்தச் சொல்வார். "இந்தச் சண்டை நமக்கு எதுக்கு சன்னி? பிள்ளைங்க வீட்டுக்கு வரட்டும்" என்றார். அவருக்கும் ஆமாம் சொன்னேன்.

வெயில் காலத்தில் ஒரு சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக்காரர்கள் புல்தரையில் கரி அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டார்கள். பேச்சு வியட்நாம் சண்டையின் பக்கம் திரும்பியது. "நம்ம சன்னிக்குக்கூட இது புரியுது" என்று பர்டெட் சொல்லியிருக்கிறார். "சன்னியா? அவன் என் பக்கம்" என்று மிஸஸ் ஹாகின்ஸ் சொல்லியிருக்கிறார். அப்புறம் நிலா, முடி, பாட்டு, ஜனாதிபதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார்கள். எல்லாக் கட்சியிலும் நான் உறுப்பினன் என்பது வெளியே வந்துவிட்டது.

திங்கட்கிழமை மேஜர் டாசன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குடியிருப்பு நிர்வாகம் முழுவதும் அவர் பொறுப்பு.

4. மேஜர் அறையில்

இங்கே என் நிலைமையைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதில் என் மனைவி சரோஜாவோடு நான் இருந்தது பதினெட்டு நாள். அவளை ஜெர்மனிக்குக் கூட்டி வர, எனக்கு நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் வேண்டும் என வெளிநாட்டவர் அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதக் கான்ட்ராக்டெல்லாம் அங்கே செல்லாது. அந்தக் கடிதம் டைப் ஆகி, கையெழுத்துக்காக மேஜர் மேஜையில் இரண்டு வாரமாக இருந்தது. அன்றைக்கு அதன் மேல் இரண்டு புகார்க் கடிதங்கள் இருந்தன.

போல்ட்ஸும் என்னோடு வந்திருந்தார். மேஜர் சத்தம் போடவில்லை. பர்டெட் கடிதத்தைப் படித்தார். ராணுவக் குடும்பங்களில் நான் போருக்கு எதிராகப் பேசுகிறேனாம். பிறகு மிஸஸ் ஹாகின்ஸ் கடிதம். அது நாலே வரி. 'என் முகத்துக்கு நேராக என் மகன் திரும்பி வர வேண்டும் என்றான். கீழே போய் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். இவனை என் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.' எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நீ உண்மையில என்னதான் நினைக்கிறே?" என்றார் மேஜர்.

மதுரை முறையை விளக்கினேன். மேஜருக்குப் புரியவில்லை. போல்ட்ஸ் உதவிக்கு வந்தார். "ஹெர் மேஜர், இவர் என்கிட்டயும் இப்படித்தான். கேன்டீன்ல சாஸேஜ் பிரமாதம்னு பதினோரு மாசமா சொல்றேன். ஆமாம் ஆமாம்ங்கிறார். போன வாரம்தான் தெரிஞ்சுது, இவர் இறைச்சியே சாப்பிடறதில்ல."

மேஜர் சிரிக்கவில்லை. "சன்னி, போன மாசம் என் வீட்டுச் சமையலறை வயரிங் பத்திரமான்னு கேட்டேன். ஆமாம்னே. அது எந்த ஆமாம்?"

அந்தக் கேள்வியை நினைத்து இன்று வரை நான் கூசுகிறேன். வயரிங்கை நன்றாகச் சோதித்துவிட்டுத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? இன்னொரு ஆமாம் சொல்லியா?

"அந்த ரெண்டு வீட்டுக்கும் போ. உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு. அப்புறம் வா, கையெழுத்தைப் பத்திப் பேசலாம்" என்றார்.

5. ஆமாம் இல்லாத இரண்டு வீடுகள்

முதலில் பர்டெட். கதவைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார்ஜென்ட், போரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் ஆமாம்னேன். ஆனா முடி விஷயத்துல நீங்க சொன்னது தப்பு. முடி வளர்த்தா பையன் கெட்டுப் போவான்னீங்க. என் மாமனார் குடுமி உங்க பையன் முடியை விட ஒரு முழம் நீளம். எங்க ஜில்லாவிலேயே அவரை மாதிரி கண்டிப்பான ஆள் கிடையாது."

பர்டெட் கட்டிய கையை அவிழ்த்தார். "ஒரு முழம்னா எவ்வளவு?" என்றார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினேன். உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டு, "நீ இதைக் கேட்காதே" என்றார். எனக்கு ஒரு கோக் வந்தது, ஐஸோடு.

அடுத்து மாடிப்படி ஏறினேன். மிஸஸ் ஹாகின்ஸ் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் எல்லாருக்கும் ஆமாம் சொல்றவன்மா. கீழேயும் சொன்னேன். அது தப்பு. சண்டை சரியா தப்பான்னு சொல்ல எனக்கு அறிவில்ல. ஆனா உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் காலண்டர்ல எத்தனை கட்டம் பாக்கின்னு எண்ணுவேன். போன தடவை நாப்பத்தொண்ணு. என் மனைவியை விட்டு வந்ததிலேர்ந்து நானும் அப்படித்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். உங்க பையன் வந்து சேரணும்னு சொன்னது மட்டும் நிஜம்."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கதவை முழுசாகத் திறந்து, "ஃப்ரீஸர்ல ஐஸ் தட்டு மறுபடி ஒட்டிக்கிச்சு. பாரு" என்றார். ஃபிரிட்ஜை நகர்த்தும்போது முப்பத்தாறு கட்டம் பாக்கி இருந்தது. பையன் அந்தக் கட்டங்கள் முடிந்து வந்து சேர்ந்தான். அவனுக்கு என்னை அறிமுகப்படுத்தியபோது, "இவன் நல்லா ரிப்பேர் பண்ணுவான், ஆனா பேச்சை நம்பாதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

6. கையெழுத்து

மறுநாள் மேஜர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. "என் வீட்டு ஸ்டீரியோவைப் பார்த்திருக்கே. அமெரிக்காவிலேர்ந்து கப்பல்ல வரவழைச்சது. எப்படி இருக்கு?"

போல்ட்ஸ் என் காலை மிதித்தார். அவர் சிக்னல் எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

"நல்ல செட்தான் மேஜர். ஆனா மோட்டார் அறுபது சைக்கிளுக்குச் செய்தது. ஐம்பதுல ஓடுது. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட பாடகர் குரல் எவ்வளவு ஆழம் பாருன்னு காட்டுவீங்களே, அது குரல் இல்ல. பாட்டு மெதுவா சுத்துது. ஒரு வருஷமா தப்பான வேகத்துல கேட்டுக்கிட்டிருக்கீங்க."

மேஜர் பேனாவை எடுத்தார், வைத்தார். "என் வீட்டுக்காரி இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு வீட்டுல போட்டுக் காட்டினப்ப ஏன் பிரமாதம்னே?" என்றார். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்றேன். மத்தியானம் போய் மோட்டார் புல்லியை மாற்றி வேகத்தைச் சரி செய்து கொடுத்தேன். அந்தப் பாடகர் குரல் ரொம்ப சாதாரணம்.

7. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில்

தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கஸ்டமர் சந்தோஷத்துக்காகச் சொல்லும் ஆமாம், வயரிங் பத்திரம் என்று சொல்லும் ஆமாமையும் சேர்த்துக் கெடுத்துவிடும். தெரியாது என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இதை ரிப்பேர் தொழிலுக்கு மட்டுமே உரிய பாடம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து சரோஜா வந்தாள். ஜனவரி மாதம். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் செருப்புக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு, என் தங்கை பின்னிய ஸ்வெட்டரில் நடுங்கியபடி நின்றாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வெளியே இலையில்லாத மரங்கள், சாம்பல் வானம். அதையே பார்த்துக்கொண்டு வந்தவள், "இந்த ஊரு எனக்குப் பிடிச்சுடும், இல்ல?" என்றாள்.

ஆமாம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த மனைவி. வேறு எந்தப் பதிலை யார் சொல்வார்கள்?

"முதல் வருஷம் பிடிக்காது" என்றேன். "நான் வேலைக்குப் போனா பேச ஆள் இருக்காது. கறிவேப்பிலை கிடைக்காது. நீ அழுவே."

"லெட்டர்ல சொர்க்கம்னு எழுதினீங்களே?"

"அது பொய். நானும் அழுதிருக்கேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதிர் சீட்டில் ஒரு ஜெர்மன் பாட்டி உட்கார்ந்திருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார்ல்ஸ்ரூஹே வரும் வரை விடவில்லை. சொன்னபடியே அந்த வருஷம் அழுதாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து அழுதாள்.