முரளி வரைந்த பச்சைக் கோடு

எங்கள் பள்ளிக்கூடத்தில் அருள்மொழி டீச்சர் அளவுக்குப் பயந்த மனுஷி வேறு யாரும் இல்லை. ராசிபுரத்துக்காரர். மலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், தற்காலிக வேலை எப்போது போகுமோ என்று பயம். கம்ப்யூட்டர் சொல்லித்தர வந்தவர், அதையே துணி போட்டு மூடி வைப்பார். நான் கணக்கு வாத்தியார், வாய் சும்மா இருக்காது. "அது ஓடிப்போகாது டீச்சர், துணியை எடுங்க" என்பேன்.

பாடம் நடத்தும்போது மட்டும் அந்தப் பயம் எங்கே போகுமோ தெரியாது. பத்துக் கம்ப்யூட்டரில் ஆறுதான் ஓடும். ஒன்றுக்கு நாலு பிள்ளைகள். மவுஸைப் பிடித்திருப்பவர் பேசக் கூடாது. மற்ற மூவரும் பேசி முடிவெடுத்துச் சொல்ல வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். அந்த இரைச்சல் என் வகுப்பு வரைக்கும் கேட்கும். "இது படிப்பா, கும்மாளமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரைச்சல் மட்டும் குறையவில்லை.

ஐப்பசியில் ஒரு வரைபடம் ஆரம்பித்தார். ஆறு கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்திருந்ததால் ஒன்றில் வரைவது எல்லாவற்றிலும் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து வரும் தடத்தை வரைய வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் எழுதலாம். ஒரே ஒரு சட்டம்: ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு முரளி பச்சைக் கோட்டில் ஒரு குறுக்குத் தடம் போட்டிருந்தான். ரோட்டில் ஒரு மணி நேரம் சுற்றிப் போகிற அவன் ஊருக்கு, காட்டோடையைத் தாண்டினால் இருபது நிமிஷம்தான்.

கார்த்திகையில் ஒரு சந்தை நாள். மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. பிள்ளைகள் போன பிறகு, மழை விடட்டும் என்று நானும் அருள்மொழியும் மட்டும் காத்திருந்தோம். ஆறு மணிக்கு மேல் ராமாயி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். முரளியின் ஊர்தான், ஏழாம் வகுப்பு கவிதாவின் அம்மா.

"பாப்பா இன்னும் ஊடு வந்து சேரலீங்க டீச்சர். ரோட்டுல வந்த புள்ளைங்க எல்லாம் வந்துருச்சுங்க. இவ மட்டும், கம்ப்யூட்டர்ல பாத்த குறுக்குத் தடத்துல போறேன்னு தனியாப் போனாளாமுங்க. காட்டுல தடம் நூறு கெடக்குது. எதுல போனாளோ."

அருள்மொழியின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் சார். நான்தான் காட்டிக் கொடுத்தேன்" என்றார். முரளியைக் கேட்கலாமென்றால் அவன் அன்று பள்ளிக்கே வரவில்லை. குடும்பத்தோடு செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்தான்.

கரண்ட் இல்லை. பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். அருள்மொழி வரைபடத்தைத் திறந்தார். பச்சைக் கோடு ஓடையைத் தொடும் இடத்தில் முரளி எழுதியிருந்தான்: "மழை பேஞ்சா ஓடையத் தாண்டாதீங்க. மரப்பாலம் வழுக்கும். இந்தப் பக்கம் பலா மரத்துக்கிட்ட நின்னு கூப்பிடுங்க. எங்க ஊட்டுக்குக் கேக்கும்." அதற்குக் கீழே, அன்று மதியம் எழுதிய ஒரே வார்த்தை: "சரி." பக்கத்தில் கவிதாவின் பெயர்.

"படிச்சிருக்கா சார்" என்றார் அருள்மொழி.

எனக்கு முரளி வீடு நினைவுக்கு வந்தது. கூப்பிட்டாலும் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லையே. கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராமல், இருட்டுக்குப் பயந்து ஓடையில் இறங்கியிருந்தால்? ராமாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடத்தை அருள்மொழி நோட்டில் ஓடை வரைக்கும் வரைந்ததும் திரை அணைந்துவிட்டது.

காட்டுக்குள் அருள்மொழிதான் முன்னால் போனார். செல்போன் வெளிச்சத்தில் மூன்றடிக்கு அப்பால் பனிமூட்டம். காலில் அட்டை ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "சாமி, சாமி" என்று ராமாயி முனகிக்கொண்டே வந்தார். ஓடையின் சத்தம் நெருங்க நெருங்க என் கால் பின்வாங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கரைக்குப் போய் வெளிச்சம் அடித்தோம். மரப்பாலத்தைக் காணோம். செந்தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ராமாயி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அருள்மொழி திரும்பி, மேட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு குரல் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று கேட்டது. பலா மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, தலையில் புத்தகப் பையோடு கவிதா நின்றிருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நிக்கச் சொல்லி எழுதியிருந்துச்சுங்க டீச்சர். ரொம்ப நேரம் கூப்பிட்டேனுங்க. யாருமே வரலீங்க."

ராமாயி மகள் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அவளை அள்ளிக்கொண்டார். அருள்மொழி சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலையில் நான் போனபோது அருள்மொழி பச்சைக் கோட்டை அழிக்க உட்கார்ந்திருந்தார். "அழிச்சிடுங்க டீச்சர், நமக்கெதுக்கு வம்பு" என்று நானும் சொன்னேன். வாசலில் கவிதா நின்றிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

"ஒருத்தர் போட்டத அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றாள், அந்தக் கட்டைக் குரலிலேயே. உட்கார்ந்து, முரளியின் குறிப்புக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: "பாலம் போயிருச்சு. சந்தை நாள்ல கூப்பிட்டா யாருக்கும் கேக்காது. நான் கூப்பிட்டுப் பாத்தேன். ரோட்டுலயே போங்க."

அருள்மொழி அதைப் படித்தார். பிறகு அவளுக்குக் கீழே எழுதினார்: "சந்தை நாளில் ரோட்டில் நானும் கூட வருவேன்."

அன்றிலிருந்து வாராவாரம் போகிறார். பிள்ளைகளை விட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்தையும் தனியாகத்தான் திரும்பி நடக்க வேண்டும். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு சார். ஆனா எழுதிட்டேனே" என்றார்.