தன் வரம்பை முதலில் வெட்டியவர்

முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, ஆதம்பாவா விதானையார் மௌத்தாகிவிட்டார், மாலையில் அடக்கம் என்று சொன்னது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோழிகள் வந்து நெல்லைக் கிளறின. துரத்த மனம் வரவில்லை.

அவர் எனக்கு உறவில்லை; அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் வட்டையிலுள்ள வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சுவதையும் வடியவிடுவதையும் பார்த்த வட்டவிதானை. கணவர் இறந்த பிறகு வயலை நான்தான் செய்கிறேன். அது பள்ளக்காணி. மாரியில் மேட்டுவயல்களின் தண்ணீரெல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். வடிச்சல் வாய்க்காலை ஆளுக்குக் கொஞ்சமாக வரம்பு தள்ளிக் கட்டி வயலாக்கியிருந்தார்கள். முன்னிருந்த விதானைமார் மேட்டுக்காரர்கள், கண்டுகொள்ளவில்லை. இரண்டு மாரி என் வெள்ளாமை அழுகியது. இன்னொரு முறை அழுகினால் வயலை விற்க வேண்டியதுதான்.

அந்த வருடம் விதைப்புக் கூட்டத்துக்குப் போய் வாசலில் நின்றேன். பெண்கள் போகிற வழக்கமில்லை. பழைய விதானையையே வைப்போம் என்று முடிக்கப் போனார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி ஆர்ர வயலுக்க முதல்ல ஏறுதோ அவர வைங்க."

"அப்ப ஒங்களத்தான் வைக்கணும், ராத்தா!" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆதம்பாவா காக்கா சிரிக்கவில்லை. எழும்பி, "இவட வயலுக்கு அடுத்த பள்ளம் என்ட வயல். என்ன வைங்க," என்றார். சிரித்தவர்களே கையைத் தூக்கினார்கள்.

மழை தொடங்கியதும் மண்வெட்டியோடு இறங்கினார். முதலில் வெட்டியது வாய்க்காலுக்குள் தள்ளியிருந்த தன் வரம்பை. அதிலே பச்சைப் பயிர் நின்றது. பிறகு என் வரம்பு. மூன்றாவது, மேட்டிலிருந்த அவருடைய மச்சானின் வரம்பு.

"விதானையாகினதும் மச்சானத் தெரியாமப் போச்சா?" என்று மச்சான் பாய்ந்தார்.

"தெரியும் மச்சான். அதான் மத்த ஆக்கள்ர வரம்புக்கு முன்னால ஒங்கட வரம்புக்கு வந்திரிக்கன்."

வாய்க்காலின் கடைசித் துண்டு காரைதீவுத் தமிழ் ஆட்களின் வயல்களுக்கிடையே போகிறது. முஸ்லிம்களும் தமிழர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்த காலம். விதானையார் தனியாகச் சைக்கிளில் போய்த் திரும்பினார். "அவங்கட வெள்ளாமையும் தண்ணிக்குள்ள தாண்டுதான் கிடக்கு. கதைச்சிட்டன். நாளைக்கு அவங்களும் வெட்டுறாங்க," என்றார். வெட்டினார்கள். தண்ணீர் இறங்கியது. அந்த மாரியில் எனக்கு நெல் கண்டது. வயல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். நேற்று வயலுக்குப் போனேன். மேட்டில் ஒரு வரம்பு மறுபடியும் வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறது. புது ஈரமண். ஜனாஸா அடக்கிய மண் காயவில்லை, அதற்குள் மேட்டுக்காரர் ஒருவரை விதானையாக்கக் கதைக்கிறார்கள்.

அவரை அறிந்தவர்களே, அவர் எனக்கு விட்டுப்போனது அந்த வாய்க்காலின் அகலம். அதில் ஒரு சாணும் குறைய விடமாட்டேன். விதைப்புக் கூட்டத்துக்கு இம்முறையும் வருவேன். வாசலில் நிற்கமாட்டேன், உள்ளே வந்து உட்காருவேன். பழைய சொல்லையே சொல்லுவேன். "அப்ப ஒங்களத்தான் வைக்கணும், ராத்தா" என்று யாராவது சிரித்தால், "ஓம், வைங்க" என்பேன்.