தாடிக்காரர் வீட்டு ஷேவிங் பிரஷ்

மாமியார் வீட்டில் சண்முகவேலுக்கு நல்ல பெயர் கிடையாது. ஆள் தங்கம், கைதான் ஓட்டை. கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடிகாரத்தைக் கிணற்றுக்குள் விட்டார். தலைதீபாவளிக்கு வந்த குடையை மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைத்தார். டிரான்சிஸ்டரைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கீழே போட்டு உடைத்தார். இத்தனைக்கும் தியாகராய நகரில் பட்டுப்புடவைக் கடையில் வேலை. அங்கே ஒரு புடவைகூட அவர் கையில் கசங்கியதில்லை.

அறுபத்தொன்பதில் மனைவி சுந்தரவல்லியின் அண்ணன் கனகராஜ் பினாங்கிலிருந்து வந்தபோது ஒரு ஷேவிங் பிரஷை நீட்டினார்.

"ஒரே மாதிரி ரெண்டு வாங்கினேன் மாப்ளே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. பொங்கல் வரைக்குமாவது வச்சிருங்க."

மாமியார் பேச்சியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சண்முகவேலுக்குச் சுருக்கென்று தைத்தது. இதை மட்டும் விடுவதில்லை என்று மனசுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தப் பிரஷுக்கு ராஜ உபசாரம்தான். மந்தைவெளியில் அவர் குடியிருந்த வீட்டுக் கிணறு உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு பிசுக்காக முடியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் குழாய்த் தண்ணீர் ஒரு செம்பு தனியாக எடுத்து வைப்பார். வெதுவெதுப்புக்கு மேல் சூடு ஆகாது, அடியில் முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். சவரம் முடிந்ததும் நுரை போக அலசி, முறுக்காமல் உள்ளங்கையில் மெல்ல அமுக்கி, ஒரு உதறு. பிறகு கைப்பிடியில் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுவார். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் முழுக்கு. செவ்வாய், வெள்ளி சவரம் கூடாதென்பதால் பிரஷுக்கு லீவும் உண்டு. கடை முதலாளிக்கே வீட்டில் இந்தக் கவனிப்பு இருக்குமா தெரியாது.

எழுபத்து மூன்றில் சுந்தரவல்லி உண்டானாள். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கையில் புருஷன் சவரம் செய்யக் கூடாதே! முகம் நிறையத் தாடி வளர்ந்தது. பிரஷுக்கு வேலை போயிற்று, உபசாரம் போகவில்லை. தூசி படியும், பூச்சி அரிக்கும் என்று ஞாயிறுதோறும் அலசி உலர்த்தினார். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்த பேச்சியம்மாள் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தாடிக்காரருக்கு எதுக்குடி பிரஷு?"

ஆண் குழந்தை பிறந்தது. சண்முகவேல் ஆசையாகக் கையை நீட்டினார். பேச்சியம்மாள் பேரனை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம் மாப்பிள்ளை. இது குடையோ ரேடியோவோ இல்ல. கழுத்து நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

சுந்தரவல்லி பரிந்து பேசிப் பார்த்தாள், எடுபடவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்க விடாதது என்ன நியாயம்? ஆனால், உடைத்ததும் தொலைத்ததும் கொஞ்சமா? தினமும் ஓர் எட்டு தள்ளி நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

தொட்டில் போடும் நாளன்று தாடி எடுப்பதாக ஏற்பாடு. விடிந்ததும் கனகராஜ் வந்து இறங்கினார். முகம் வழிக்கப் பையைத் திறந்தவர் முனகினார்.

"என் பிரஷ் என்னைக்கோ மொட்டையாப் போச்சு மாப்ளே. அதுக்கப்புறம் வாங்கினதும் கொட்டுது. கடை திறந்திருக்குமா?"

சண்முகவேல் ஜன்னலிலிருந்து பிரஷை எடுத்துக் கொடுத்தார்.

"அட, புதுசா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

"நீங்க கொடுத்ததுதான் மச்சான்."

கனகராஜ் நம்பவில்லை. கைப்பிடியின் அடியைத் திருப்பினார். பினாங்குக் கடையின் முத்திரை அப்படியே இருந்தது. "அம்மா, இங்க வந்து பாரு!" என்று போட்ட சத்தத்தில் பேச்சியம்மாள் பேரனோடு ஓடி வந்தாள். அவள் கண் முன்னாலேயே கனகராஜ் சோப்பை நுரைக்கக் குழைத்துச் சவரம் செய்தார். ஒரு முடி உதிரவில்லை. முடித்துவிட்டு, பிரஷை ஈர டம்ளருக்குள் நட்டமாக நிறுத்தினார்.

"எடுங்க மச்சான்! அப்படி வச்சா ஈரம் அடியில இறங்கி அழுகிடும். உங்களது மொட்டையானதே அதனாலதான்!"

அந்தக் குடும்பத்தில் சண்முகவேல் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. பினாங்குக்காரர் சட்டென்று எடுத்துக் கொடுத்தார். சண்முகவேல் அலசி, அமுக்கி, உதறி, நூலில் தொங்கவிடும் வரை பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாப்பிள்ளை, கையைத் துடைச்சிட்டு வாங்க" என்றாள். பேரனை அவரிடம் நீட்டினாள். "தலையைத் தாங்கி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் உள்ளங்கை அதற்குள் பிள்ளையின் தலைக்கடியில் இருந்தது.

அன்றைக்குத் தொட்டில் போடத் தாமதமாகிவிட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால்தானே மாப்பிள்ளை தாடியை எடுக்க முடியும்!