நளாவின் ஆடாத பெட்டி

நளா இறந்துவிட்டாளாம்... காலையில் ஃபேஸ்புக்கைத் திறந்ததும் அதுதான் முதல் செய்தி.

கீழே முந்நூறு கமெண்ட். இதற்கும் பொறாமைப்படுகிறேன், பாருங்கள். நான் செத்தால் எங்கள் ஸ்கூல் டீச்சர்மார் பத்துப் பேர் போடுவார்கள், அதில் நாலு வெறும் ஸ்டிக்கர்.

தெரியாதவர்களுக்கு... நளாயினி, பழுகாமத்துக்காரி. மட்டக்களப்பில் ஒரு லேபில் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். பிறகு வெளிநாட்டில், விண்வெளியில் புரதப் படிகம் வளர்க்கும் பெட்டி செய்கிற கம்பெனியில் பெரிய ஆள்.

அந்தப் படிகத்தை முதலில் இங்கேதான் வளர்த்தோம். முட்டைப் புரதத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கிரீஸ் பூசிய தட்டின் மேல் மூடி, அசையாமல் நாள்கணக்கில் வைக்க வேண்டும்.

யாருக்கு நல்ல படிகம் வருகிறதோ அவருக்கு வெளிநாட்டில் படிக்கச் சிபாரிசுக் கடிதம் தருவதாக லேபை நடத்திய சேர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும்... அப்படி வேண்டும்.

பொறுக்க முடியாமல் என் தட்டை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் தட்டில் சீனி மாதிரி ஒன்று மின்னியது. வயிறு எரிந்தது.

அவள் சாப்பிடப் போன நேரம் அந்தத் தட்டைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினேன். துளி கழன்று விழுந்தது.

"என்னகா இது?" என்றாள் வந்து.

"பஸ் போயிருக்கும்," என்றேன். லேப் ரோட்டோரம், பஸ் போனால் மேசை ஆடும்.

"ஓமாக்கும்," என்றாள். திரும்பவும் முதலில் இருந்து துளி வைத்தாள். வந்தது. கடிதமும் அவளுக்குத்தான்.

போன வருடம் ஒரு போட்டோ போட்டாள். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒன்று, ராக்கெட்டில் போகப் போகிறதாம். மேலே எடையில்லாததால் படிகம் பெரிதாக, பிசகில்லாமல் வளருமாம்... ஆனால் ஏறும்போது ராக்கெட் ஆட்டுகிற ஆட்டத்தைப் பெட்டி தாங்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் ஒரு லைக் போடாத நான், "பஸ் போனாலும் தாங்குமோ?" என்று கமெண்ட் போட்டேன். குத்தத்தான்.

உடனே இன்பொக்ஸில் வந்தாள்.

"அண்டைக்கு பஸ் ஸ்ட்ரைக் புள்ள. ஒரு பஸ்ஸும் ஓடல்ல. நீ ஆட்டின ஆட்டத்துக்குக் கிட்டயும் இந்த ராக்கெட் வராது கா." கூடவே இரண்டு சிரிப்பு.

பார்த்தேன். பதில் போடவில்லை.

அவள் சண்டை பிடித்திருக்கலாம். சிரித்தாளே... அதுதான் இன்னும் எரிகிறது.

ஓம் நளா. நான்தான் ஆட்டினன்.

போயிட்டு வா கா.