பன்னிரண்டு பெண்கள் சொன்ன பதில்

எலிசபெத் ராணி ஆண்ட நாளில், ஹாலோஃபீல்ட் ஊரில் முப்பது வருடமாகப் பிரசவம் பார்த்தவள் ஊர்சுலா பிம். அந்த மார்ச்சில் லண்டன் நீதிபதிகள் வந்திருந்தார்கள். ஊரோடு சேர்ந்து அவளும் வழக்கு மன்றத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனாள். போயிருக்கக் கூடாது.

எம்மட் சேயர் என்ற வேலைக்காரப் பெண் வேலியில் காய்ந்த இரண்டு படுக்கை விரிப்புகளைத் திருடியிருந்தாள். தூக்கு என்றார் நீதிபதி. தான் கர்ப்பிணி என்றாள் எம்மட். வயிற்றுப் பிள்ளை அசைய ஆரம்பித்திருந்தால், அது பிறக்கும்வரை தூக்கைத் தள்ளிவைப்பார்கள். அசைகிறதா என்று பெண்கள்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சேவகன் சட்டென்று கதவைச் சாத்தினான். “பொம்பளைங்க யாரும் நகராதீங்க! பன்னெண்டு பேர் வேணும்.”

“ஐயா, அடுப்புல பட்டாணிக் கூழு கொதிக்குது,” என்றாள் ரொட்டிக்காரன் மனைவி பெட்ரோனெல்.

“உன் புருஷன் கிண்டட்டும்.”

“அவரு கிண்டினா நாய்கூடத் தின்னாதுய்யா.”

கூண்டில் நின்ற எம்மட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் பன்னிரண்டு பேரும் பக்கத்து அறைக்குள் போனார்கள். ஊர்சுலா வயிற்றைத் தொட்டாள். நாலு மாதம் இருக்கும். எந்த அசைவும் இல்லை.

“முந்தாநாள் அசைஞ்சுதும்மா,” என்றாள் எம்மட்.

“என்னக்கா, சத்தியம் பண்ணியிருக்கோம். பாத்துச் சொல்லு,” என்றாள் பெட்ரோனெல்.

ஊர்சுலா கையை எடுக்கவில்லை. “அசையுது,” என்றாள்.

பெட்ரோனெல் தானும் தொட்டுப் பார்த்தாள். ஊர்சுலாவின் முகத்தையும் பார்த்தாள். “ஆமா. என்னா உதை உதைக்கிறான்!” என்றாள். மீதிப் பத்துப் பேருக்கும் அப்படியே உதைத்தது.

நீதிபதி ஒப்புக்கொண்டார். பெண்கள் அடுப்பைப் பார்க்க ஓடினார்கள். எம்மட் ஊர்சுலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பம்மா பொறக்கும்?”

“ஆகஸ்டுல. அறுப்பு சமயம்.”

“கொஞ்சம் தள்ளிப் பொறக்க வைக்க முடியுமா? பனிக்காலம் வரைக்குமாவது?”

குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்பத் தெரியும் ஊர்சுலாவுக்கு. வலி நின்றுபோனால் மூலிகைக் கஷாயம் கொடுத்து வரவழைக்கத் தெரியும். பிறக்காமல் நிறுத்திவைக்க ஒரு வழியும் தெரியாது.

“நல்லாச் சாப்பிடு,” என்று மட்டும் சொன்னாள். சிறையில் வெளியாட்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் சாப்பாடு. எம்மட்டுக்கு அந்த ஊரில் இனி ஊர்சுலாவை விட்டால் யாரும் இல்லை.