காத்து இழுக்கும் ஜீப்

பக்கவாதம் வந்து பல மாதம் ஆன பிறகும் என் அண்ணனுக்கு வாயில் ஒரே ஒரு சொல்தான் ஒழுங்காக வந்தது: தண்ணி. பசித்தாலும் தண்ணி, டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாலும் தண்ணி. மனதுக்குள் சரியான சொல்தான் இருக்கிறது, நாக்குக்கு வரும்போது மாறிப்போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கையும் வலது காலும் சுத்தமாக விழுந்துவிட்டன.

அதற்கு முன் மானாம்பதி சுற்றுவட்டாரத்தில் போர்வெல் மோட்டார் கெட்டுப்போனால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருந்தார். மோட்டார் தூக்கும் கம்பிகளையும் சங்கிலியையும் பின்னால் போட்டுக்கொண்டு, சேறோ மேடோ, போர் இருக்கும் இடம்வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை.

அவர் படுத்த பிறகு ஜீப் கொட்டகையிலேயே நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று அண்ணி அவ்வப்போது ஸ்டார்ட் செய்து அணைப்பார். போகப்போக எஞ்சின் கெட்டது. சீராக ஓடாமல் ஏறி இறங்கித் திணறும். வண்டியே குலுங்கும். சில நேரம் தானாக நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்டாலே அண்ணன் இடது கையால் கட்டிலை அடிப்பார்.

நான் ஏனாத்தூர் பக்கம் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அவர்களைப் பார்க்கப் போவேன். அப்படிப் போன ஒரு நாளில், அண்ணனோடு பல வருஷம் பழகிய மெக்கானிக் ஒருவரை உத்திரமேரூரிலிருந்து வரச் சொன்னோம். அண்ணனை நாற்காலியோடு தூக்கிக் கொட்டகை வாசலில் உட்கார வைத்தோம்.

மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். குலுக்கல் நிற்கவில்லை. பிறகு எஞ்சின் ஓடும்போதே சிலிண்டர்களுக்கு டீசல் போகும் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். ஆனால் எதைத் தளர்த்தினாலும் சத்தம் இறங்கியது.

"எல்லாமே அடிக்குதுக்கா. அப்பறம் இன்னா பேஜார் இது?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"தண்ணி!" என்றார் அண்ணன். "தண்ணி! தண்ணி!"

நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். தட்டிவிட்டார். என் புடவையெல்லாம் நனைந்தது.

"டீசல்ல தண்ணி கலந்துக்கீதுன்றாரோ?" மெக்கானிக் ஃபில்டரிலிருந்து கொஞ்சம் டீசலைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். சுத்தமாக இருந்தது. அண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டார். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினார். வாய் கோணிய பக்கமாக மூச்சு புஸ்ஸென்று வழிந்தது. விடாமல் திரும்பத் திரும்ப ஊதினார். நானும் மெக்கானிக்கும் விழித்துக்கொண்டு நின்றோம். அடுப்படியிலிருந்து வந்த அண்ணி பார்த்த உடனே சொன்னார்: "காத்துன்றாரு. எங்கியோ காத்து இழுக்குதாம்."

அண்ணன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவ்வளவு மாதத்தில் அப்படியொரு முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம், மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான டியூபில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். டீசல் வரும் வழியில் மெக்கானிக் அதைச் சேர்த்துவிட்டு எஞ்சினை ஓட்டினார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்றும் போனது. தேடிக்கொண்டே போனதில், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது தெரிந்தது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்திருக்கிறது. புது ஹோஸ் போட்டு, தேங்கிய காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் டிரைவர் சீட்டைக் காட்டினார்.

"வாணாம்யா, இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றார் அண்ணி. அண்ணன் கேட்கவில்லை. மெக்கானிக்கும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். இடது காலால் கிளட்ச்சை மிதித்தார். இடது கையால் கியரைத் தள்ளினார். முதல் கியர் சரியாக விழுந்தது. எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலது முழங்காலை இடது கையால் தூக்கி, பாதத்தை ஆக்ஸிலேட்டர் மேல் வைத்தார். பாதம் சரிந்து விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சரிந்தது. மெக்கானிக் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகு கை நீளவில்லை.

எஞ்சின் அழகாக ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அண்ணன் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார், எட்டி ஸ்டாப் குமிழை இழுத்து அணைத்தார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அதற்கடுத்த வாரங்களில் கைக்குப் பயிற்சி கொடுக்க வருபவரையும் கிட்டே சேர்க்கவில்லை. பந்தைக் கையில் கொடுத்தால் கீழே போட்டுவிடுவார். வண்டி ஓடாததால்தான் தானும் சும்மா இருப்பதாக அவர் உள்ளுக்குள் நினைத்து வைத்திருந்தாரோ என்னவோ. பாத்திரம் தேய்த்துக்கொண்டே அண்ணி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அது ரிப்பேராவே இருந்திருக்கலாம்மா."

வண்டி வேண்டாம் என்று கடைசியில் அண்ணனே கையசைத்துச் சொல்லிவிட்டார். தென்னேரிப் பக்கம் நெல் பயிர் வைக்கிற ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். அவர் ஸ்டார்ட் செய்தபோது அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். அண்ணி ஜன்னல் கதவைச் சாத்தினார். நான் அண்ணனின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி ரோட்டில் ஏறித் திரும்பும் வரைக்கும் அந்த முதுகு மூச்சே விடவில்லை.