அரை ஊசியும் மீதிக் கதையும்

1. முதல் நாள்

பல் டொக்டரிடம் வேலை கேட்டுப் போன அன்று, நான் ஓ.எல். பரீட்சைச் சான்றிதழை உறைக்குள்ளிருந்து பாதி இழுத்தபடி நின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"பிள்ளை, படம் பாப்பீரோ?" என்று கேட்டார்.

"பாப்பன் டொக்டர்."

"அடிபாட்டுப் படமோ, பகிடிப் படமோ?"

"ரெண்டும் பாப்பன். ஆனா பிடிக்காட்டிப் பிடிக்கேல்லை எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போடுவன்."

"அது பறவாயில்லை. கதை ஞாபகம் நிக்குமோ?"

"நிக்கும்."

"அப்ப திங்கக்கிழமை வாரும். மூண்டு மாதம் வைச்சுப் பாப்பம்."

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. மனுசனுக்கு விசரோ என்று யோசித்துக்கொண்டுதான் சைக்கிளில் ஏறினேன். ஆனால் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. காங்கேசன்துறையிலிருந்து சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்து, கோப்பாயில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஆறு பேர் படுத்திருந்தோம். ஆறு பேருக்கும் சேர்த்து இனி வரப்போவது என் ஒரு சம்பளம்தான். மூன்று மாதம் முடிய "நாளைக்கு வராதையும்" என்று அவர் சொன்னால் எங்கள் பாடு அரோகரா.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அது. கரண்ட் போய் ஒரு வருசத்துக்கு மேல். டொக்டர் தன் வீட்டின் முன்னறையில்தான் பல் பார்த்தார். கரண்டில் ஓடும் மெசினுக்குச் சீலை போர்த்து மூலையில் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ ஒரு கால் மெசின் தேடிப் பிடித்திருந்தார். தையல் மெசின் மாதிரி ஒருவர் மிதிக்க வேண்டும், அவர் பல்லைத் துளைப்பார். மிதிக்கிறவள் நான். பல் சொத்தையாக இருந்தால் எனக்குக் கால் உளைவு.

மெசினை விடப் பெரிய பிரச்சினை விறைப்பூசி. கொழும்பிலிருந்து மருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒரு ஆளுக்குப் போடும் ஊசியை டொக்டர் இரண்டு ஆளுக்குப் பிரித்தார். முதல் நாளே நான் கேட்டேன்.

"அரை ஊசியிலை நோகாதோ டொக்டர்?"

"நோகும். அரைவாசிக்கு ஊசி, மிச்சத்துக்குக் கதை" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் அரை மணித்தியாலத்தில் தெரிந்தது. வந்தவரின் வாயைத் திறக்கச் செய்து, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, குறடைக் கையில் எடுத்ததும் டொக்டர் படக்கதை தொடங்கினார். அந்த ஆள் "ஆ... ஆ..." என்று கையைக் காலை ஆட்டினார். இவர் பாட்டுக்குக் கதை சொல்லிச் சொல்லிப் பல்லைக் கழற்றிவிட்டார். எழும்பிய ஆள் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "உது விசர்க் கதை டொக்டர், உந்தப் படம் உப்பிடியில்லை!" என்று கத்தினார். நொந்தது என்று ஒரு சொல் சொல்லவில்லை.

இவர் கதையைப் பிழையாகச் சொல்லிச் சனத்திடம் பேச்சு வாங்குகிறாரே, இனி நான் திருத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எனக்கு அன்று ஒரே சந்தோசம், ஒரே புளுகம்.

2. கொப்பி

டொக்டர் படம் பார்ப்பதில்லை. அவருக்காகப் படம் பார்ப்பது என் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் செல்லத்துரை அண்ணை எங்கள் பக்கம் வருவார். அச்சுவேலிக்காரர், ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு விடுபவர். யாராவது ஒரு வீட்டு முற்றத்தில் படம் ஓடும். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். அந்தச் சத்தத்தில் குண்டு போடும் பொம்மர் வருவது கேட்காது என்று ஒரு ஆளைத் தூரத்துக் கிணற்றுக்கட்டில் இருத்திவிடுவார்கள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படம் முடிந்ததும் அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதை சொல்வோம். ஐந்து பேர் ஐந்து கதை சொல்வார்கள்.

கசெற்றெல்லாம் கொப்பியின் கொப்பி. பெயர் போடும் இடம் கோடு கோடாக இழுக்கும். அதனால் படங்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். லொறிப் படம், கருவாட்டுப் படம், ரெண்டு தங்கச்சிப் படம்.

திங்கட்கிழமை காலை நான் கொப்பியில் எழுதிக் கொடுத்ததில் சில எனக்கு இன்னும் மனப்பாடம்.

"லொறிப் படம். அடிபாடு. முப்பது பேர் நாலு பக்கத்தாலும் சுடுகிறார்கள். கதாநாயகனின் சேட்டில் ஒரு ஓட்டையும் இல்லை. சன்னம் ஆளைப் பார்த்து விலத்திப் போவதை நான் இந்தப் படத்தில்தான் கண்டேன். கடைசியில் எரிகிற லொறியோடு பாலத்தால் விழுகிறான். செத்தான் என்று எல்லாரும் அழுகிறார்கள். பிறகு ஆற்றுக்குள்ளிருந்து எழும்பி வருகிறான், தலைமயிர் நனையவில்லை. சனம் விசிலடித்தது. நான் அடிக்கவில்லை."

"கருவாட்டுப் படம். பகிடி. சைவ வீட்டில் ஒளித்து ஒளித்துக் கருவாடு தின்றது யார் என்று இரண்டரை மணித்தியாலம் தேடுகிறார்கள். பழி மாப்பிள்ளை மேலே விழுகிறது. தின்றது மாமனார். திறமான படம். இரண்டு தரம் பார்த்தேன்."

"ரெண்டு தங்கச்சிப் படம். அடிபாடும் அழுகையும். வில்லன் சிரிக்கிற நேரத்தில் ஓடித் தப்பியிருக்கலாம். ஒருவரும் ஓடவில்லை. எங்கள் ஊரில் நாய்கூட ஓடும்."

டொக்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கி ஆறுதலாக வாசிப்பார். பிறகு கேள்வி கேட்பார். "எந்த இடத்திலை சனம் கூடக் கத்தினது? ஆர் தப்பினது சனத்துக்குச் சந்தோசம்? எந்தப் பகிடியை வீட்டை போயும் சொல்லுதுகள்?" ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனையால் குறிப்பார். என் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் பூரித்துப்போவேன்.

ஆனால் கதிரையில் ஆள் ஏறினதும் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்வார். தப்பினவனைச் சாகடிப்பார். நல்லவனைக் கள்ளனாக்குவார். ஊரே வயிறு வெடிக்கச் சிரித்த பகிடியை, "சீ, உதுக்கு ஆரும் சிரிப்பினமோ?" என்பார். நான் கஷ்டப்பட்டு எழுதியதெல்லாம் போச்சு. எனக்குப் பொய் கேட்டால் கொதி வரும், பிறவிக் குணம். மெசினை மிதிக்கிற காலாவது ஆத்திரம் தீர மிதிக்கும். "பிள்ளை, மெல்ல, பல்லுக்குள்ளாலை புகை வருது" என்பார்.

3. மாஸ்டரின் கடைவாய்ப்பல்

இரண்டு மாதமும் சில நாளும் போயிருக்கும். மாஸ்டர் வந்தார். கணித மாஸ்டர், பென்சன் எடுத்தவர், டொக்டருக்கே கணக்குப் படிப்பித்தவர். முந்தின ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் வாங்குப் பலகையில் இருந்து லொறிப் படம் பார்த்தவர். ஆற்றுக்குள்ளிருந்து அந்த லொறிக்காரன் எழும்பினபோது முதல் விசில் மாஸ்டருடையது.

அரை ஊசி போட்டு, பஞ்சு வைத்து, குறடு உள்ளே போயிற்று.

"மாஸ்டர், லொறிப் படம் கேள்விப்பட்டனியளோ?" என்று டொக்டர் தொடங்கினார். "கடைசியிலை அந்தப் பெடியன் ஆத்துக்குள்ளை செத்துப்போறான். பாவம். நல்ல முடிவு எண்டுதான் நான் சொல்லுவன். அவனுக்கு நடிக்கவும் தெரியாது."

மாஸ்டரின் கண் இரண்டும் பிதுங்கின. வலது கையைத் தூக்கி, பள்ளிக்கூடத்தில் பிழைக் கணக்கை அழிப்பதுபோல் காற்றில் அழித்தார். "ஆ! ஆஆ! ஆ!" என்றார். பல் ஆடத் தொடங்கியிருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வயதான மனுசனை வாயைத் திறக்க வைத்துப் பேய்க்காட்டுவது அநியாயம் என்று பட்டது.

"இல்லை டொக்டர்! அவன் சாகேல்லை. தண்ணிக்குள்ளாலை எழும்பி வாறான். நான் கொப்பியிலை வடிவா எழுதித் தந்தனான். மாஸ்டரும் பாத்தவர்" என்றேன்.

மாஸ்டரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உயர்ந்த கை கீழே இறங்கிற்று. அப்பாடா என்று தலையைப் பின்னால் சாய்த்தார். அடுத்த கணம், "ஐயோ அம்மா!" என்று ஒரு குளறல். டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். குறடு வழுகிப் பல் முறிந்தது. வேர் முரசுச் சதைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதை எடுக்க இன்னும் இரண்டு அரை ஊசி போயிற்று. வெளி வாங்கில் இருந்த இரண்டு பேரை, "ஊசி முடிஞ்சுது, அடுத்த கிழமை வாங்கோ" என்று நானே சொல்லி அனுப்பினேன். அதில் ஒரு பெண், வீங்கின கன்னத்தைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனா.

மாஸ்டர் போன பின் டொக்டர் கையைக் கழுவினார். கனநேரம் கழுவினார்.

"பிள்ளை, உம்மடை வேலை படம் பாக்கிறது. ஆர் செத்தது, ஆர் தப்பினது எண்டு கதிரையிலை இருக்கிற ஆளுக்குச் சொல்லுறதில்லை. சனிக்கிழமையோடை வேலையை விட்டு நிண்டுகொள்ளும்."

"நான் உண்மையைத்தானே சொன்னனான்?"

"ஓம். அதுதான் பிழை."

அன்று வீட்டில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா, "அடுத்த மாதம் ஒரு கட்டில் வாங்குவமே?" என்று கேட்டா. தலையை ஆட்டினேன்.

4. என் முறை

பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்குப் பல்லிலே பட்டது. ஒரு மாதமாகக் கராம்பு வைத்து வைத்து ஒளித்திருந்த கீழ்க் கடைவாய்ப்பல், வெள்ளிக்கிழமை காலை கன்னத்தைப் பலாப்பழமாக்கிவிட்டது. பல் டொக்டர் வீட்டில் வேலை செய்து பல்லை ஒளித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டொக்டர் ஒரு தரம்தான் பார்த்தார். "ஏறும் கதிரையிலை" என்றார்.

வாசல் வாங்கில் மாஸ்டர் இருந்தார். காயம் காட்ட வந்தவர். என்னைக் கண்டதும் அவருக்கு நல்ல சந்தோசம்.

அரை ஊசிதான். பஞ்சு வைத்தார். குறடை எடுத்தார்.

"கருவாட்டுப் படம் எண்டு ஒரு படம் ஓடுது மாஸ்டர்" என்றார் டொக்டர், என்னைப் பார்க்காமல். "ஒரு சிரிப்பும் இல்லை. சவத்த படம். கடைசியிலை பாத்தா, கருவாடு திண்டது மாமியாம்."

மாமியோ! நான் "ஆ!" என்றேன்.

"மாமனார் நல்ல மனுசன், பாவம். அந்தாளுக்கு அதிலை ஒரு பங்கும் இல்லை."

"ஆஆ! ஆ!"

"நான் பாக்கேல்லை மாஸ்டர். இந்தப் பிள்ளைதான் ரெண்டு தரம் பாத்திட்டுக் கொப்பியிலை எழுதினது. மாமிதான் திண்டது, படம் சரியில்லை எண்டு."

என்ரை கொப்பியோ! நான் எழுதினேனோ! கதிரையின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தேன். அவர் நெற்றியில் கையை வைத்து அமுக்கினார். இந்தப் பஞ்சை மட்டும் எடுக்கட்டும், போகிறதுதான் போகிறேன், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினேன். நாலாவது கேள்விக்கு வந்தபோது அவர் பஞ்சை எடுத்தார்.

"மாமனார்!" என்று கத்தினேன். இரத்தம் அவருடைய வெள்ளைச் சேட்டில் தெறித்தது. "மாமனார்தான் திண்டது! நான் அப்பிடித்தான் எழுதினனான்!"

அவர் தட்டத்தை என் முன்னால் நீட்டினார். அதில் இரண்டு வேரோடு என் பல் கிடந்தது.

எப்போது பிடுங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனை, சனம் கத்தின இடம், தப்பினவர்களின் கணக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அட நாசமே. நான் மொக்கு என்று நினைத்த மனுசன் மொக்கு இல்லை. எங்கடை சனம் பல் நோவைத் தாங்கும், பிழையான அபிப்பிராயத்தைத் தாங்காது என்று அறிந்து வைத்திருந்த மனுசன்.

வாசலில் மாஸ்டர் எழும்பி நின்றார். "எட, அப்ப என்ரை லொறிக்காரன் சாகேல்லை எண்டு உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியாமலோ மாஸ்டர்?" என்றார் டொக்டர்.

"அறுவானே! உனக்கு நான் கணக்குப் படிப்பிச்சிருக்கக் கூடாது" என்றார் மாஸ்டர்.

நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு, "நாளைக்குச் சனிக்கிழமை டொக்டர்" என்றேன்.

"ஓம். அதுக்கடுத்த நாள் ஞாயிறு. நீர் போனா ஆர் படம் பாக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கதிரையிலிருந்து இறங்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லுக்கு என்று அவர் நினைத்திருப்பார்.

5. செல்லத்துரை அண்ணை

பிறகு ஒரு நாள் வந்தவர் செல்லத்துரை அண்ணை. டெக்குக்காரர். லொறிப் படத்தை முப்பது தரமாவது ஓடவிட்டிருப்பார். அவரிடமே டொக்டர் துணிந்து தொடங்கினார்.

"லொறிக்காரன் செத்தது எனக்குச் சரியாத்தான் படுது."

அண்ணையின் கண் என் பக்கம் உருண்டது. வாராவாரம் அவருடைய ரீவிக்கு முன்னால் இருப்பவள் நான். நீயாவது சொல்லடி என்று அந்தக் கண் கெஞ்சியது. டொக்டரும் என்னைப் பார்த்தார்.

"ஓம் டொக்டர்," என்றேன். "செத்தவன்தான். நானும் பாத்தனான்."

பல் சுகமாக வந்தது. ஒரு முக்கல் இல்லை. அண்ணை என்னை முறைத்து, டொக்டரை முறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு கேற்றடிக்குப் போய்ச் சைக்கிளைப் பிடித்தார். பிறவிக் குணம் என்றேனே, அது போகுமோ? மனம் கேளாமல் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, கோவியாதையுங்கோ. அவன் சாகேல்லை. நான் சும்மா சொன்னனான்."

"அப்பிடிச் சொல்லு!" என்று அவர் முகம் மலர்ந்தார். ஒரு காலைத் தூக்கிச் சைக்கிளில் போட்டார். அப்படியே நின்றார். கை மெல்லக் கன்னத்துக்குப் போனது.

"ஐயோ பிள்ளை," என்றார், "இப்பதான் நோகுது."

பதினெட்டு வருசம் அந்த வேலை பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து சொல்லக்கூடியது ஒன்றுதான். உண்மையைச் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்கிற ஆள் வீடு போய்ச் சேரும்வரை பொறுங்கள்.